பஞ்சு படாத இடம்

பஞ்சு வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையில் அவள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

மேசையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டாக்டர் ஒரு துளிப் பஞ்சை முறுக்கி அவள் வலது பாதத்தில் அங்கங்கே தொடுவாள். தொட்டது தெரிந்தால் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் குள்ளம். பாதத்தின் வெளிப்பக்கத்தைத் தொட, உட்கார்ந்திருக்கும் ஸ்டூலிலிருந்து கொஞ்சம் எக்க வேண்டியிருக்கும். எக்கும்போதெல்லாம் ஸ்டூல் கிறீச்சிடும். கிறீச்சிட்டதும் இவள் "தெரியுது" என்பாள்.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை. கேட்பவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது அவள் காதுக்கு எப்போதும் முதலில் வந்துவிடும். தன் பதில் என்னவென்று அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் வாய் சொல்லி முடித்திருக்கும். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "கோபமா?" "இல்லையே." "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." இத்தனை வருஷம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது பாதத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தாயிற்று.

அவளுக்கு வேலை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. ஓட்டுநர் பள்ளியில் பெண்களுக்கென்று இருந்த ஒரே வண்டியில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்றதெல்லாம் வாயால் செய்கிற வேலை. கிளட்ச்சை விடுங்க, கண்ணாடியைப் பாருங்க, ஸ்டியரிங்கை ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. பாதத்துக்கு மட்டும் வேறு வேலை. பிரேக்குக்கு மேலே ஒரு இலை கனத்தில் நிற்க வேண்டும், மிதிக்கவும் கூடாது, விலகவும் கூடாது. ஒரு நாய் குறுக்கே வரப்போவது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே பாதத்துக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் அவள் கை செய்கிற எதற்கும் ஒரு குறை சொல்ல ஆள் உண்டு. அந்தப் பாதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. யாருக்கும் அது கண்ணில் படவே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

முதுகு போனது ஒரு தும்மலில். சீட் பெல்ட்டை இழுக்கத் திரும்பியபோது தும்மல் வந்தது. இடுப்பில் ஏதோ சுளுக்கியது மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பிட்டத்திலிருந்து குதிகால் வரை யாரோ காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தார்கள். கணவன் சொந்தக்காரர்களிடமெல்லாம் போனில், "அவளா? தும்மி முதுகை உடைச்சுக்கிட்டா" என்று சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தால் வலித்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அறுவை மருத்துவர், முதுகின் கடைசி எலும்புக்குக் கீழே ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார். உடனே கத்தி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "நிறைய பேருக்குக் கத்தி இல்லாமலே அடங்கும். பார்க்கலாம். ஆனா காலோட பலம் குறையக்கூடாது, மரப்பு பரவக்கூடாது. அப்படி ஆச்சுன்னா என்கிட்ட வந்துடணும்." ஆபரேஷன் என்றால் எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்று கேட்டாள். "காரிலேயே உட்கார்ற வேலையா? அதுக்குப் பல மாசம் ஆகும்" என்றார்.

பல மாசம். பள்ளி முதலாளியிடம் இடம் கேட்டு ஏற்கெனவே ஒருத்தி வந்துவிட்டுப் போயிருந்தாள்.

கணவனுக்குக் குடிநீர்க் குழாய்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. உலகத்தில் உள்ள எல்லா நோயும் அவனுக்குக் குழாய் அடைப்புதான். "அடைச்சா வெட்டி எடுத்துட்டுப் புதுசு மாட்டுறோம். அதைத் தடவிக்கொடுத்துட்டா இருக்கோம்? ஒரேயடியா வெட்டிக்கோ, முடிஞ்சுது."

"முதுகு குழாய் இல்லைங்க."

"உள்ள தண்ணி ஓடுதில்ல? அப்போ குழாய்தான்."

முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்கிற கைரோபிராக்டரிடம் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "பேரே வாயில நுழையல, முதுகுல எப்படி நுழையும்?" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த டாக்டர் 'நெட்டி டாக்டர்'. "என்ன, இன்னைக்கு எத்தனை நெட்டி முறிச்சா?"

உண்மையில் டாக்டர் ஒரு நெட்டிகூட முறிக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டாள். "உங்க முதுகுல சொடக்கு எல்லாம் எடுக்க மாட்டேன் அக்கா. மெதுவா இழுத்து விடுவேன். நரம்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கட்டும்." டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. முகம் வைக்க ஓட்டை போட்ட நீள மேசை. அந்த ஓட்டையில் ஒவ்வொரு ஆளுக்கும் புதுத் தாள் விரிப்பாள். குப்புறப் படுத்ததும் ஒரு உள்ளங்கையை இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டு, மேசையின் பாதியைக் காலோடு சேர்த்துக் கீழே இறக்குவாள். இறங்கும், நிற்கும், ஏறும். கீழே டயர் கழற்றும் இயந்திரம் உறுமும். ஓட்டை வழியாக அவளுக்குத் தெரிவது டாக்டரின் செருப்பும், தரையில் ஒரு விரிசலும். அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு எதையும் நினைக்காமல் இருப்பது சுகமாக இருந்தது.

வீட்டில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழும்பும் பயிற்சி. ஒழுங்காகச் செய்தாள். வலி குதிகாலை விட்டது, கெண்டைச் சதைக்கு வந்தது, தொடைக்கு ஏறியது. "வலி மேல ஏறி வருதுன்னா சரியான வழியிலதான் போறோம்" என்றாள் டாக்டர். அது உண்மையாகவும் இருந்தது. அவளால் மறுபடி படியேற முடிந்தது, குனிந்து வாளி தூக்க முடிந்தது. வேலையையும் ஒருநாள்கூட விடவில்லை.

வலி போன இடத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது மட்டும் "ஒண்ணுமில்ல" என்றாள். அங்கே நிஜமாகவே ஒன்றுமில்லை. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் அடுத்தவருடையதுபோல் கிடந்தன. குளிக்கும்போது வெந்நீர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். ஒரு நாள் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தாள். பட்ட காலிலே படும் என்பார்கள். தனக்குப் பட்டாலும் தெரியாது என்று நினைத்து, அதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டாள்.

ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கும் சோதனையும் உண்டு. "விழுந்துடாம ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்த கைகள் கால் செய்யவேண்டியதைச் செய்தன. "நல்லாத் தூக்குறீங்க" என்றாள் டாக்டர்.

அன்று வண்டியில் பேக்கரிக்காரம்மா இருந்தாள். அதிகாலையில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோக வேன் வாங்கப்போகிறாள், அதற்காகக் கற்றுக்கொள்கிறாள். எத்தனை கழுவினாலும் மணிக்கட்டு மடிப்பில் கொஞ்சம் மாவு மிச்சம் இருக்கும். வண்டியோடு பேசிக்கொண்டே ஓட்டுவாள்.

"நகரு கண்ணு, நகரு. ஐயோ, முட்டிக்காதே. மிஸ், இது என் பேச்சைக் கேட்குதா, உங்க பேச்சைக் கேட்குதா?"

"கிளட்ச் பேச்சைத்தான் கேட்கும். மெதுவா விடுங்க."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான். மெதுவா விட்டாத்தான் போவாரு."

சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் வேன்கள் நிற்கின்றன. இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு மெத்தை வெளியே வந்தது. மெத்தைக்குக் கீழே இரண்டு கால்கள். தலையில் மெத்தையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் தெருவைப் பார்க்காமல் நேராக நடந்து வருகிறான். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்று அணைந்தது. மெத்தையின் நுனி முன் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. மெத்தைக்கு உள்ளிருந்து யாரையோ திட்டும் குரல் கேட்டது. கால்கள் எதிர்ப்பக்கத்துக் கடைக்குள் போய்விட்டன.

"மிஸ்!" பேக்கரிக்காரம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினாள். "நான்தான் போட்டேன்! பாத்தீங்களா? என் காலுதான்! நீங்க போடவே இல்ல!"

"நானும் போட்டேன்."

"இல்ல மிஸ், எப்பவும் நீங்க போட்டா என் பக்கத்துப் பிரேக்கும் கூடவே கீழ போகும். இன்னைக்குக் கல்லு மாதிரி இருந்துச்சு, நான்தான் அமுக்குனேன். என்னை நம்பி விட்டுட்டீங்க, இல்ல? சொல்லுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு பிரேக்குக்கு வலப்பக்கம், விரிப்பின்மேல் இருந்தது. அங்கே ரப்பர் குழிந்திருந்தது. முழுப் பலத்தோடு விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தாள். இன்னமும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பயம் வர வேண்டிய நேரம் அது. வாசல் வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை. ஒரு கால் இன்னொரு ஆளின் காலாக விரிப்பின்மேல் கிடப்பதை, யார் வீட்டிலோ நடப்பதுபோல் பார்த்தாள். பிறகு தன் குரலே சொல்வதைக் கேட்டாள்: "கியரை நடுவுக்குக் கொண்டுவாங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. பள்ளிக்கே திருப்பிடலாம்."

"இன்னும் நேரம் இருக்கே?"

"இன்னைக்கு இது போதும். மெதுவா போங்க. ரொம்ப மெதுவா."

வழி நெடுக பேக்கரிக்காரம்மா பாடிக்கொண்டே வந்தாள். பள்ளி வாசலில் இறங்கியதும் முதலாளியிடம், "மிஸ் என்னை நம்பி பிரேக்கையே விட்டுட்டாங்க சார்" என்றாள். "அட!" என்றார் அவர். அவள் வண்டிக் கதவைப் பூட்டினாள். சாயங்காலம் டயர் கடை மாடிப்படி ஏறும்போதுதான் இடது காலை மட்டும் நம்பி ஏறுவதைக் கவனித்தாள். எத்தனை நாளாக இப்படி?

டாக்டரிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே மேசையில் படுத்தாள். "கண்ணை மூடிக்குங்க அக்கா." மூடினாள். முதலில் பஞ்சு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கிறீச்.

"தெரியுது."

கிறீச்.

"தெரியுது."

கிறீச்.

"தெரியுது."

சத்தம் இல்லை. கீழே டயர்க்கடை இயந்திரமும் நின்றிருந்தது.

"அக்கா, கண்ணைத் திறங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு அவள் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையும் மடியில்.

"நான் தொடவே இல்ல. சும்மா அசைஞ்சேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். முகம் சூடாகும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை.

"போன தடவையே சந்தேகம். நூத்துக்கு நூறு எடுக்கிற கால் உலகத்துல கிடையாது. நல்ல காலுகூட ரெண்டு இடத்துல கோட்டை விடும்." டாக்டர் கோபமாக இருக்கிறாளா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருந்ததால் என்ன பதில் சொல்வதென்றும் வரவில்லை. "என்னை ஏமாத்துறது பெரிய வித்தை இல்ல அக்கா. எங்க வீட்டு வாண்டு பல்லு தேய்க்காமலே தேய்ச்சேன்னு தினம் ஏமாத்துது. ஆனா நீங்க 'தெரியுது'ன்னு சொன்னதை வெச்சுத்தான் இங்கேயே பார்த்துக்கலாம்னு நான் முடிவு பண்ணினேன். அது உங்களுக்குப் புரியுதா?"

"இன்னைக்கு பிரேக்குன்னு நினைச்சு விரிப்பை மிதிச்சேன்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெந்நீர், கட்டில் கால், ஜன்னல் கம்பி. அடுத்தவள் கதை மாதிரி வரிசையாக, குரல் ஏறாமல் சொன்னாள்.

"வலி போயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"வலி ரெண்டு விதமாப் போகும் அக்கா. நரம்பு விடுபட்டும் போகும். கத்திக் கத்தி ஓய்ஞ்சும் போகும். ரெண்டும் வெளியில இருந்து பாக்க ஒண்ணுதான். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் சொல்லணும், வேற யாரைக் கேட்கிறது?"

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை டாக்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே தொட்டாள். சத்தம் எதுவும் உதவிக்கு வராததால் அவள் தானே உள்ளே போய்த் தேட வேண்டியிருந்தது. நேரம் பிடித்தது. சில இடங்களில் "இல்ல" என்றாள். சில இடங்களில் "இருக்கு, ஆனா துணிக்கு மேல தொட்ட மாதிரி" என்றாள். "இல்ல" என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. டாக்டர் நீலப் பேனாவால் எல்லையை வரைந்தாள். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் ஓரமாக ஓடி, குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் கோடு திரும்பியது. அவள் பயந்திருந்ததைவிட அந்த இடம் சிறியது. அவள் சொல்லிக்கொண்டிருந்ததைவிட மிகப் பெரியது.

"இப்போ ஒத்தைக் காலு. சுவத்துல ஒரு விரல் மட்டும் வைங்க."

இடது குதிகால் எழும்பியது. வலது குதிகால் தரையை விடவில்லை. மனதால் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அந்த முயற்சி அவளிடமிருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழே எங்கோ காணாமல்போனது.

டாக்டர் அவள் முன்னாலேயே அறுவை மருத்துவருக்குப் போன் செய்தாள். மறைத்து எதுவும் பேசவில்லை. "நான் கவனிக்காம விட்டுட்டேன் சார், கம்பியைப் பிடிக்க விட்டிருக்கக்கூடாது" என்று தன் பங்கையும் சொன்னாள்.

மறுநாள் அந்த மருத்துவர் காலை வளைத்துப் பார்த்தார், சுத்தியால் தட்டிப் பார்த்தார், புது ஸ்கேன் எடுக்கச் சொன்னார். விலகிய ஜவ்வு முன்பைவிடக் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் நரம்பு இன்னும் தேறவில்லை. கத்தி வைப்பதா வேண்டாமா என்பது இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது என்றார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். அந்தம்மா பண்றதைப் பண்ணட்டும். ஆனா தினமும் யாராவது வீட்டுல இந்தக் கோட்டைப் பார்க்கணும். மரப்பு கோட்டைத் தாண்டி வெளியே போனாலோ, கால் தொங்கினாலோ, சிறுநீர் போறதுல தொந்தரவு வந்தாலோ, தொடை இடுக்குல மரத்தாலோ, அப்புறம் யோசனையே கிடையாது, நேரா ஆஸ்பத்திரி. காரில உட்கார்றது இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்."

எந்த வேலைக்காக இத்தனை நாள் "தெரியுது" என்று சொன்னாளோ அது அந்தக் கடைசி வாக்கியத்தில் போய்விட்டது. அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற ஏற்பாடு பண்ணியிருப்பேனே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. முன்பு இடம் கேட்டு வந்தவள் அன்று மாலையே வந்துவிட்டாள். இருக்கையை முன்னால் இழுத்து, தன் பாதத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டாள். இவள் வெளியே நின்று பார்த்தாள். இழப்பு என்று ஒன்று இங்கே இருக்க வேண்டும், கோடு போட்டுப் பார்த்தால் எங்கே தொடங்கும் என்று நினைத்தாள்.

பேக்கரிக்காரம்மா ஓடி வந்தாள். "என்ன மிஸ், என்னைக் கைவிட்டுட்டுப் போறீங்களாமே?"

"அன்னைக்கு நான் உங்களை நம்பி விடல. பிரேக்கைத்தான் மிதிச்சேன். என் கால் அங்க போகல. எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல."

பேக்கரிக்காரம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கியது. "அப்போ அந்த மெத்தைக்காரனுக்கு... நான் ஒருத்திதானா?"

"நீங்க ஒருத்திதான்."

"அடப்பாவி." அது யாருக்கென்று விளங்கவில்லை. தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். "வீட்டுல எல்லாருக்கும் கேக் வெட்டி வேற கொடுத்தேன்." பிறகு இவள் கையைப் பிடித்து, இறுக்கமாக, மாவு பிசைகிற கையால் ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள். அது நன்றாகத் தெரிந்தது.

வீட்டில் கோட்டைப் பார்க்கிற ஆள் கணவன். நெட்டி டாக்டரே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது கிண்டலோடு போனவன், வரும்போது ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். தினமும் வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு, சோபாவில் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வான். அவன் அவள் பாதத்தைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் யோசித்தாள், விடை வரவில்லை. அவன் தொட்டுக்கொண்டிருந்த பாதியும் மரத்த பாதி.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"இருக்கு."

"இப்போ?"

அவள் காத்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தாள். "நீங்க தொடல."

"கரெக்ட். அப்பப்போ சும்மா கேட்டுப் பாருன்னு அந்த டாக்டர் சொல்லியிருக்கா." அவன் சோப்புப் போட்டும் போகாத கோட்டின்மேல் பேனாவை ஓட்டினான். "கோடு அங்கேயேதான் இருக்கு. கசிவு இல்ல."

இப்படியே நாட்கள் போயின. இடுப்பை இழுப்பதும், முழங்கை ஊன்றி எழுவதும், சுவரில் ஒரு விரல் வைத்து நிற்பதும். ஒரு சாயங்காலம் அவள் சமையலறைச் சுவரோரம் நின்று வலது குதிகாலைத் தூக்கினாள். எதுவும் நடந்ததாக அவளுக்குத் தெரியவில்லை. அவன் தரையில் மண்டியிட்டு, பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் குதிகாலுக்கு அடியில் செருகிப் பார்த்தான். குழாய் மூட்டில் இடைவெளி பார்க்கிற பழக்கம்.

"போகுது" என்றான்.

"நிஜமாவா?"

"நீயே இழுத்துப் பாரு. பேப்பர் போகுது." அவன் மூச்சு வாங்க எழுந்தான். "மடிச்சா போகாது. ஒத்தைத் தாள் போகுது."

மகிழ்ச்சிக்காக அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அது இன்னும் வழியில் இருந்தது போலும். அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய நாள் அடுத்த வாரம் வருகிறது, இந்த ஒற்றைத் தாள் அவருக்குப் போதுமா என்பது யாருக்கும் தெரியாது.

அவன் சோபாவில் உட்கார்ந்து பஞ்சை முறுக்கினான். அவள் காலைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். வெகுநேரம் அவன் எதுவும் கேட்கவில்லை.

"வெட்டிப் போடு, வெட்டிப் போடுன்னு நான் சொல்லிட்டே இருந்தேன்ல. என்மேல கோபமா?"

'இல்லையே' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். உள்ளே போய்ப் பார்த்தாள். பாதத்தைவிட அந்த இடம் தூரமாக இருந்தது. அவனும் அவசரப்படுத்தவில்லை, இந்தச் சோதனையில் அவசரப்படுத்தக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஆமா" என்றாள்.

பஞ்சு சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றிருக்க வேண்டும்.

"சரி" என்றான் அவன். "இப்போ?"